இடிக்கொம்பனை எழுப்பிய கதை

டிசம்பர் 14, ஞாயிறு

மெஹரு சொல்லித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆட்டத்துக்குப் புது ஆள் உருவாக்குகிறவன் அந்த ஆளின் பெயரில் தினமும் நாலு வரி எழுதிப் பழக வேண்டுமாம். பள்ளிக்கூட டீச்சர் புத்தி எங்கே போகும்? வீட்டுப்பாடம் கொடுக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்த ஆளே இன்னும் உருவாகவில்லை. அதுவரைக்கும் என் பெயரிலேயே எழுதிக்கொள்கிறேன்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஒருத்தர் கேட்டார். "ஞாயித்துக்கெழம ஆனா எங்கவே போறீரு?"

சொன்னேன். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம். மெஹரு கதை சொல்லுவாள், அவள்தான் மாஸ்டர். கதைக்குள்ளே மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். வாளை வீசினால் பட்டதா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்ப்போம்.

"சீட்டு மாதிரியா?"

"இல்ல."

"துட்டு வச்சு ஆடுவியளா?"

"இல்ல."

"பொறவு என்னத்துக்குவே?"

என் டைம் கீப்பர் அறையில் உட்கார்ந்து அதற்கு ஒரு பதில் யோசித்தேன். அதற்குள் தென்காசி வண்டி வந்துவிட்டது.

அப்பா போனபிறகு இன்றைக்குத்தான் முதல் ஆட்டம். முன்பெல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில் நடக்கும். இப்போது லிங்கதுரையின் மொபைல் கடை மாடிக்கு மாற்றிவிட்டார்கள், நான் கேட்காமலே. நாலாவது ஆள் செல்வின் வரவில்லை. அவன் நாற்காலியில் லிங்கதுரை சார்ஜர் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தான்.

ஏழு வருஷமாக ஆட்டத்தில் நான் வைத்தியன். அவர்கள் வெட்டுப்பட்டு விழுவார்கள், நான் கையை வைத்து எழுப்பிவிடுவேன். இன்றைக்குச் சொல்லிவிட்டேன், இனிமேல் முடியாது என்று. ஒருத்தனைக் குணமாக்குகிற தெம்பு என்னிடம் இல்லை, விளையாட்டுக்குக்கூட இல்லை.

"சரி, என்னவா வரணும் ஒனக்கு?" என்றாள் மெஹரு.

விதிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தேன். நெக்ரோமேன்சர். பிணமெழுப்பி. செத்தவர்களை எழுப்பி ஏவல் செய்கிற மந்திரவாதி.

"செத்ததுக்கு மருந்து குடுக்க வேண்டாம்லா. பொரட்டிப் படுக்க வைக்க வேண்டாம். நில்லுன்னா நிக்கும்."

"சவத்துமேல ஒனக்கு என்னல திடீர்னு ஆச?" என்று லிங்கதுரை சிரித்தான். சிரித்தபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு முறுக்குப் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினான்.

டிசம்பர் 17, புதன்

படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு வாடகைக்கு எடுத்த தண்ணி மெத்தையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மெடிக்கல் கடைக்காரன் மூன்றாவது தடவை போன் செய்தான். முற்றத்தில் இழுத்துப் போட்டு மூடியைத் திறந்துவிட்டேன். ஒரு பாடு தண்ணீர். வடிவு அதை வாளியில் பிடித்து முருங்கைக்கு ஊற்றினாள். காலியான மெத்தையை மடித்துக் கட்டினோம். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. எனக்கு அந்த அறைக்குள் என்ன செய்வது என்று தெரியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் பிணமெழுப்பிக்குப் பகடை உருட்டினோம். வலு, சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு. என் கைராசி ஊரறிந்தது, அதனால் வடிவை உருட்டச் சொன்னேன். அவள் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே உருட்டினாள். அறிவு பதினேழு. தாங்கும் சக்தி எட்டு. வசீகரம் ஆறு.

"ஏங்க, இது கரெக்டாத்தான் சொல்லுது" என்றாள். கத்தரிக்காய் வாசனை பகடையில் இன்னும் இருக்கிறது.

படிக்கப் படிக்கத்தான் தெரிகிறது, இந்த வேலையும் லேசுப்பட்டதில்லை. எழுப்பிய பிணத்தை அப்படியே விட்டுவிட முடியாது. ஒவ்வொரு நாளும் மறுபடி மந்திரம் சொல்லிக் கட்ட வேண்டும். ஒரு நாள் மறந்தால் ஏவல் அறுந்துபோய், எழுப்பினவன் கழுத்தையே பிடிக்கும். அட போங்கடே, இதிலும் தினப்படி வேலையா?

டிசம்பர் 21, ஞாயிறு

பெயர் வைத்தாயிற்று. கருக்கல். விடிந்தும் விடியாத நேரம், அப்பாவைப் புரட்டிப் போட எழுந்திருக்கிற நேரம். இப்போதும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது. புரட்ட ஆள் இல்லாததால் எழுந்து மோட்டார் போடுகிறேன். டேங்க் நிரம்பி வழிந்து மாடி வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார்.

மெஹரு பெயரை ஒத்துக்கொண்டாள். காரணத்தை ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பாத்திரமும் ஏன் அப்படி ஆனான் என்று எழுதிக் காட்ட வேண்டும், அவள் சட்டம். 'புதையல் தேட' என்று எழுதியிருந்தேன்.

"புதையலுக்கு மண்வெட்டி போதும், பொணம் எதுக்கு?"

அடித்துவிட்டு 'உலகை ஆள' என்று எழுதினேன்.

"பஸ்ஸுக்கு நேரம் சொல்லவே அலுத்துக்கிடுத. நீ உலகத்த ஆளப் போறியா? அடுத்த வாரம் ஒழுங்கா எழுதிட்டு வா."

அப்புறம் இன்னொன்று நடந்தது. எங்கள் மேசையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தன் வராமலே இருந்தால் அவனுடைய ஆள் கொஞ்சநாள் சும்மா நிற்கும், அப்புறம் கதை அவனை எடுத்துக்கொள்ளும். செல்வினுடைய ஆள் இடிக்கொம்பன். பெரிய மீசை, பெரிய கோடாலி, அதைவிடப் பெரிய வாய். இன்றைக்குக் கதை அவனை எடுத்துக்கொண்டது. ஒரு பாலத்தில் அவன் தனியாக நின்று மறித்ததாகவும், நாங்கள் தப்பித்ததாகவும், அவன் விழுந்ததாகவும் மெஹரு சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். லிங்கதுரை மூக்கை உறிஞ்சினான்.

"ஒடம்பு எங்க விழுந்துது?" என்று கேட்டேன்.

"ஏன்?"

"சும்மாதான். தெரிஞ்சு வச்சிக்கிடலாம்லா."

டிசம்பர் 23, செவ்வாய்

ரேஷன் கார்டில் பேர் நீக்கம். சான்றிதழில் ஆறுமுகம்பிள்ளை என்று இருக்கிறது, கார்டில் ஆறுமுகம் பிள்ளை என்று இடைவெளி விட்டு இருக்கிறது. ரெண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். இதற்கு ஒரு நாள் லீவு.

டிசம்பர் 28, ஞாயிறு

காரணம் எழுதிக் கொடுத்தேன். 'கூப்பிட்டால் வருகிற ஆள் வேண்டும்' என்று ஒரே வரி. மெஹரு படித்தாள். சிவப்புப் பேனாவைக் கையில் வைத்திருந்தாள், திருத்தவில்லை. காகிதத்தை மடித்து விதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, "ஆரம்பிப்போமா" என்றாள்.

கருக்கல் பாலத்துக்குக் கீழே இறங்கினான். மந்திரத்தைச் சொன்னான். இடிக்கொம்பன் எலும்புக்கூடாக எழுந்தான்.

மேசைக்கு மேலே நாங்கள் வைத்து நகர்த்துகிற கட்டைவிரல் உயரப் பொம்மை ஒவ்வொருத்தருக்கும் உண்டு. இடிக்கொம்பனுக்குச் செல்வினே சிவப்புச் சாயம் அடித்திருந்தான், மீசைக்கு ஒற்றைமயிர்த் தூரிகை வைத்து இழுத்தது. எலும்புக்கூடு சிவப்பாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? ஆபீஸ் ஒயிட்னர் பையில் இருந்தது. தடவிவிட்டேன். மீசை மட்டும் கொஞ்சம் தெரிகிறது.

"வேற பொணமே கெடைக்கலயால ஒனக்கு?" என்றான் லிங்கதுரை.

"இருக்கதுலயே பலசாலி இவன்தான். விதிப்படி பாத்தா இதுதான் லாபம்."

அது உண்மைதான். புத்தகத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 4, ஞாயிறு

எலும்புக்கூடு இருப்பது பெரிய வசதி. கண்ணி இருக்குமோ என்று சந்தேகமுள்ள இடத்தில் முதலில் அதை அனுப்பலாம். பள்ளத்தில் விழுந்தது, ஏறி வரச் சொன்னேன். மறுபடி விழுந்தது. தண்ணீர்ப் பானை, சமையல் சட்டி, லிங்கதுரையின் கொள்ளைச் சாமான், எல்லாவற்றையும் அதன் முதுகில் கட்டினேன். இரவு முகாமில் எல்லாரும் படுத்தபிறகு மழையில் நிற்கச் சொன்னேன். "அதுக்கு அவசியம் இல்லையே" என்றாள் மெஹரு. நிற்கட்டும் என்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், இந்த லிங்கதுரை மூதி மேசையைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறான். வெள்ளை பூசின இடிக்கொம்பன், முதுகில் தீப்பெட்டிப் பானை. குழுவில் நாங்கள் நாலு பேர்தான். செல்வின் வாய் திறந்து ரெண்டு மாதம் ஆகப் போகிறது, ஆனால் குழுவை விட்டுப் போகவும் இல்லை. எது போட்டாலும் பார்ப்பான், நீலக்கோடு விழும், அவ்வளவுதான்.

இன்றைக்குப் பதில் வந்தது. "அது என் ஆளு."

நான் நிறைய அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். வடிவு எட்டிப் பார்த்து, "என்ன, காதல் கடுதாசியா?" என்றாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு வார்த்தை அனுப்பினேன். "செத்தாச்சு."

நீலக்கோடு விழுந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

மெஹரு பள்ளிக்கூடம் விட்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். டைம் கீப்பர் அறையில் ஒரே நாற்காலி. அவள் உட்கார்ந்தாள், நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு எலும்புக்கூட்ட நீ அடிக்கதப் பாக்கதுக்கா நான் ஞாயித்துக்கெழம பிள்ளையள விட்டுட்டு வாரேன்?"

"நான் எங்க அடிச்சேன்? ஏவல் செய்யுதேன். அதுக்குத்தான் அந்த ஆளு."

"நயினாரு, என்கிட்டயேவா? ஒண்ணு, செல்வின்கிட்ட நீ பேசு. இல்ல, வார ஞாயிறோட நான் கதைய முடிக்கேன். லிங்கதுரை பாவம், பகடையத் தொடவே பயப்படுதான்."

"அப்பா துஷ்டிக்கு அவன் வரல மெஹரு."

"தெரியும்."

தெரியுமாம். என்ன தெரியும்? அப்பா செத்து, கிடத்தியிருந்தபோது யார் யாரோ வந்தார்கள். டெப்போவில் இருபது வருஷம் அப்பாவோடு பேசாத செக்கர் ஒருத்தர், தடி ஊன்றிக்கொண்டு வந்து தலைமாட்டில் நின்றார். பால்காரர் வந்தார். பால்காரரின் மச்சான் வந்தார், அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றவன் வரவில்லை. முன்னறையில் அவன் இடிக்கொம்பன் குரலில் கத்தினால், உள்ளே படுத்திருக்கிற அப்பா சுவரைத் தட்டி, "ஏ செல்வினு, அந்தப் பேய வெட்டிட்டியா, இல்ல இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்கியா?" என்று கேட்பார். அவன் வந்தால்தான் அன்றைக்கு அவருக்குக் கஞ்சி ரெண்டு கரண்டி கூட இறங்கும். அப்படிப்பட்ட மனுஷனைப் பார்க்க வராதவனிடம் நான் என்ன பேச? நான் ஏன் முதலில் பேச? எனக்கு வலிக்கிறது. அவளிடம் அதைச் சொல்வதற்குப் பதில் திருச்செந்தூர் வண்டி ஐந்தாம் நடைமேடை என்று மைக்கில் சொன்னேன்.

அது நாலாம் நடைமேடையில் நின்றது. ஜனம் மொத்தமும் பெட்டி படுக்கையோடு ஓடி, என்னை வைதுகொண்டே திரும்பி ஓடியது.

ஜனவரி 11, ஞாயிறு

ஆட்டம் இல்லை. லிங்கதுரை கடையில் பொங்கல் ஆஃபர் கூட்டம். வருகிற ஞாயிறு என்று மெஹரு சொன்ன கெடு ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். எங்களுக்குக் கிடையாது, துஷ்டி வருஷம். வடிவு வாசலில் வெறும் தண்ணீர் தெளித்தாள். நாலு வீட்டுக் குலவைச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு தோசை தின்றோம்.

ஜனவரி 18, ஞாயிறு

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். எப்படியும் இன்றோடு மேசையை மூடப் போகிறாள், அதைப் போய்ப் பார்ப்பானேன்? வடிவுதான் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

மாடிப்படி ஏறும்போதே தெரிந்தது, சார்ஜர் பெட்டிகள் தரையில் இருந்தன. செல்வின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருக்கிறான். பி.டி. வாத்தியார் விசில் கழுத்தில் தொங்குகிறது, ஞாயிற்றுக்கிழமையும் அதைக் கழற்ற மாட்டான். என்னைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த இடிக்கொம்பனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெஹரு அவனிடம் கறாராகவே பேசினாள். "ஒன் ஆளு செத்தாச்சு. புது ஆளு போடணும்னா நேரமாகும். என்ன செய்யப் போற?"

"என் ஆள நானே ஆடுதேன்."

"எலும்புக்கூடாவா?"

"ஆமா."

"அது கருக்கல் சொன்னதத்தான் கேக்கணும். சொந்த புத்தி கெடையாது."

"கேக்கேன்" என்றான் செல்வின்.

லிங்கதுரை என் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஒரு முறுக்கை முழுசாக வாயில் போட்டுக்கொண்டான்.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. பானையை எடு என்றேன், எடுத்தான். முன்னால் போ என்றேன், போனான். எந்த அறையிலும் கத்தாமல், கோடாலியைச் சுழற்றாமல், பொம்மையைக் கட்டம் கட்டமாக நகர்த்தினான். நகர்த்தும்போது மட்டும் கட்டைவிரல் நகத்தால் அந்த வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தான். அது உரியவில்லை. அவன் எதிர்த்துப் பேசுவான், சண்டை போடலாம் என்று நான் நினைத்திருந்தேன். சொன்னதையெல்லாம் கேட்டான். எனக்குத்தான் மூச்சு முட்டியது.

ஒரு பெரிய கதவுக்கு முன்னால் வந்து நின்றோம். பூட்டு இல்லை, சாவித்துவாரம் இல்லை. பக்கத்தில் என்றைக்கோ செத்துப்போன காவலாளி ஒருத்தன் சாய்ந்து கிடந்தான். கருக்கலிடம் ஒரு மந்திரம் உண்டு, செத்தவனிடம் மூன்று கேள்வி கேட்கலாம். கதவு எப்படித் திறக்கும் என்று காவலாளியிடம் கேட்கத்தான் மெஹரு அவனை அங்கே கிடத்தியிருந்தாள். எல்லாருக்கும் அது புரிந்தது.

"மந்திரத்தப் போடுதேன்" என்றேன். "இடிக்கொம்பன்கிட்ட."

மெஹரு நிமிர்ந்தாள். "அது ஏற்கெனவே எழுந்த பொணம். அதுகிட்ட இந்த மந்திரம் செல்லாது. விதி அப்பிடி."

"தெரியும்."

அவள் விதிப் புத்தகத்தை மூடினாள். "சரி. இன்னைக்கு மட்டும்."

"பாலத்துல எப்பிடிச் செத்த?"

"தனியா" என்றான் செல்வின். இடிக்கொம்பனின் குரல் இல்லை, அவனுடைய குரல்.

"பயந்தியா?"

"பயந்தேன்."

கீழே கடையில் யாரோ ரிங்டோன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிங்கதுரை எழுந்துபோய் மாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"ஏன் வரல?"

"பொணத்துக்குப் பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல" என்றாள் மெஹரு மெதுவாக. "அதுவும் விதிதான்."

செல்வின் பகடையைக் கையில் எடுத்து உருட்டாமல் வைத்திருந்தான்.

"தெருமுன வரைக்கும் வந்தேன். மாலை வாங்கிக் கையில வச்சிருந்தேன். பந்தல் தெரிஞ்சுது. உள்ள அவரு பேசாமக் கெடப்பாருன்னு நெனச்சேன். நான் வந்து நிக்கேன், ஏ செல்வினுன்னு ஒரு வார்த்த ஏசாமக் கெடப்பாருன்னு. கால் போகல. மாலைய டிரான்ஸ்பார்மர் கம்பத்துல மாட்டிட்டுத் திரும்பிட்டேன். மறுநா வருவோம்னு நெனச்சேன், நேத்து ஏன் வரலன்னு கேப்பியேன்னு வரல. பதினாறுக்கு வருவோம்னு நெனச்சேன், இத்தன நாளும் எங்கல போனன்னு கேப்பியேன்னு வரல. பொறவு வரவே முடியலல."

அந்த மாலையை நான் பார்த்திருக்கிறேன். சம்பங்கி மாலை. எவனோ குடிகாரன் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன்.

"கேள்வி முடிஞ்சிட்டு" என்றாள் மெஹரு.

இனி என் முறை. கருக்கல் ஏதாவது சொல்ல வேண்டும், எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், அசதிதான் இருந்தது. மன்னித்தேன் என்று சொல்கிற பெருந்தன்மையும் வரவில்லை.

"கதவத் தள்ளு" என்றேன்.

பகடையை உருட்டினான். இருபது. இருபது விழுந்தால் லிங்கதுரை மேசையைக் குத்தி ஊரைக் கூட்டுவான், எங்களுக்கு அதற்குமேல் பெரிய எண் கிடையாது. இன்றைக்கு ஒருத்தரும் கத்தவில்லை. கதவு திறந்தது என்று மெஹரு சொன்னாள்.

அதற்குமேல் ஆட்டம் ஓடவில்லை. கதையை முடிப்பதைப் பற்றியும் அவள் பேசவில்லை. செல்வின் படியில் இறங்கும்போது "வாரேன் மெஹரு, வாரேன்ல துரை" என்றான். என்னைப் பார்த்தும் "வாரேன்" என்றான். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. இருபது வருஷச் சினேகத்துக்கு இது போதுமா, போதாதா? எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஒன்று பாக்கி நிற்கிற மாதிரியே இருக்கிறது.

ஜனவரி 19, திங்கள்

வேலை. தொண்டை கட்டிவிட்டது. மைக்கில் பேசினால் கழுதை கனைக்கிற மாதிரி இருக்கிறதாம், கண்டக்டர்கள் சிரிக்கிறார்கள்.

ஜனவரி 20, செவ்வாய்

வடிவு கேட்டாள், செல்வின் அண்ணன் வீட்டுக்கு வருவாரா என்று. மேசைக்கு வந்தாச்சே, இனி என்ன என்றேன். "மேசையும் வீடும் ஒண்ணா?" என்றாள். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன். அவள் சொல்வது சரி என்று தெரிந்தால் நான் பேப்பர்தான் படிப்பேன்.

ஜனவரி 22, வியாழன்

டூட்டி முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டது. செல்வின்.

வெள்ளைச் சட்டை. கழுத்தில் விசில் இல்லை. "வாங்கண்ணே" என்று வடிவு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் அதில் உட்காரவில்லை. முன்னறையில் அப்பா படம் மாட்டியிருக்கிற சுவரோரம் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நாங்கள் மேசை போட்டு ஆடிய அதே அறை. வேறு வழியில்லாமல் நானும் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

அவன் படத்தைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். எனக்குப் பேச்சு எடுக்கத் தெரியாது, அது எப்போதும் அவன் வேலை. இருந்தாலும் எடுத்தேன். வார ஞாயிறு ஆட்டம் உண்டாம் என்றேன். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று லிங்கதுரை நச்சரிக்கிறான் என்றேன். ஒயிட்னரைத் தின்னர் போட்டுத் துடைத்தால் போய்விடும், பழைய சிவப்பு அப்படியே இருக்கும் என்றேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பினான், கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

வடிவு டீ கொண்டுவந்து வைத்தாள். அவனுக்குப் பிடிக்கும் என்று சுக்குத் தட்டிப் போட்டது. அவன் அதைத் தொடவே இல்லை.

ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. தெருவில் காய்கறி வண்டிக்காரன் ரெக்கார்டைப் போட்டுக்கொண்டு போனான், திரும்பியும் வந்தான். அவ்வளவு நேரம் ஒரு மனுஷன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை, அதுவும் செல்வின்.

கடைசியில் எழுந்தான். நானும் எழுந்தேன். என் ரெண்டு கையையும் சேர்த்துப் பிடித்தான். விசிலும் பந்தும் பிடித்துக் காய்த்துப்போன கை. விட்டான். செருப்பை மாட்டினான். கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. அடுப்படிக்குப் போய்க் கத்தினேன். "பாத்தியா வடிவு? வீடு தேடி வந்தவன் டீயத் தொட்டுக்கூடப் பாக்கல. போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லல. அன்னைக்குக் கடைலகூட மூணு பேருக்கும் சொல்லிட்டுத்தான் போனான். நம்ம வீட்டுல மட்டும் அவனுக்கு என்ன கொறச்சல்?"

வடிவு கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏங்க, ஒங்களுக்குப் புத்தி மழுங்கிட்டா? துஷ்டிக்கு வந்தவிய போயிட்டு வாரேன்னு சொல்லிட்டா போவாவ?"

வாசலுக்கு ஓடினேன். பைக் கூட எடுத்து வரவில்லை அவன். டிரான்ஸ்பார்மர் கம்பத்தைத் தாண்டி, துஷ்டி வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறவர்கள் போகிற மாதிரி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்க்கொண்டிருந்தான். நானும் கூப்பிடவில்லை, கூப்பிடக் கூடாது.

உள்ளே வந்து அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். அப்பா போனதற்கு இன்றைக்குத்தான் அழுதேன்.